மருந்தும் அதன் உருவும்

இதய நோய்க்குத் தரப்படும் டைகாக்சின் மாத்திரை ஒன்றில் உள்ள மருந்து பெரும்பாலும் கால் மில்லிகிராம்தான். அதைத் தனியே எடுத்து உள்ளங்கையில் வைத்தால் கண்ணுக்குத் தெரிவதே அரிது. அப்படியானால் நாம் கையில் எடுக்கும் அந்தச் சிறு வில்லையில் மீதி இருப்பதெல்லாம் என்ன? பாலிலிருந்து எடுக்கும் லாக்டோஸ் சர்க்கரை, ஸ்டார்ச் மாவு, அச்சில் ஒட்டாதிருக்கச் சேர்க்கும் மக்னீசியம் ஸ்டியரேட் போன்றவை. இவற்றுக்கு நோயைத் தீர்க்கும் குணம் கிடையாது. ஆகவே இவை எதுவாக இருந்தால் என்ன என்று நமக்குத் தோன்றுகிறது அல்லவா? மருத்துவ உலகமும் வெகுகாலம் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தது.

1968-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு விந்தை நிகழ்ந்தது. வலிப்பு நோய்க்காகப் பெனிடாயின் என்னும் மருந்தைச் சாப்பிட்டு வந்த நோயாளிகள் பலருக்கு, அம்மருந்து உடலில் மிகுந்துவிட்டால் தோன்றும் அறிகுறிகள் காணப்பட்டன. நடை தள்ளாடுவது, பார்வை நிலைகொள்ளாதிருப்பது, மயக்கம் போன்றவை அவை. ஆனால் எவரும் மருந்தைக் கூட்டிச் சாப்பிடவில்லை. இரத்தத்தைச் சோதித்தபோது பெனிடாயினின் அளவு மிகவும் ஏறியிருந்தது. காரணத்தைத் தேடிய மருத்துவர்கள் இறுதியில் காப்ஸூலுக்குள் வந்து நின்றனர். அதுவரை நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்க்கப்பட்டிருந்தது. மருந்தின் அளவில் மாற்றமே இல்லை!

கால்சியம் சல்பேட் இருந்த நாளில் மருந்தின் ஒரு பகுதி அதனுடன் பிணைந்து, குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிக் கொண்டிருந்தது. அந்த நஷ்டத்துக்கு ஏற்றபடிதான் நோயாளிகளின் மருந்தளவு அமைந்திருந்தது. அது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. லாக்டோஸ் வந்ததும் தடை நீங்கி மருந்து நன்றாக உள்ளே சென்றது. பெனிடாயினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைச் சிதைத்து அகற்றும் கல்லீரலின் ஆற்றலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ரேஷன் கடையில் ஒருவரே எடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு இருபது பேர் வந்தால் வரிசை நகரும். இருபத்தைந்து பேர் வந்தால் கூடுதல் ஐந்து பேர்தானே என்று இருக்க முடியாது. ஒவ்வொரு மணி நேரமும் வரிசை நீண்டுகொண்டே போகும். உடலுக்குள் கிடைக்கும் மருந்து சற்றே கூடியதும் இரத்தத்தில் அது பன்மடங்கு தேங்கியது இதனால்தான். 1970-இல் இவ்வரலாறு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று.

விழுங்கிய மாத்திரை நேரே நோயுள்ள இடத்துக்குப் போவதில்லை. முதலில் அது உடைந்து துகளாக வேண்டும். துகள் நீரில் கரைய வேண்டும். கரைந்த மருந்துதான் குடலின் சுவரைக் கடக்கும். பின்னர் இரத்தத்தோடு கல்லீரலுக்குச் சென்று, அங்கே சிதைந்தது போக எஞ்சியதே உடலெங்கும் பரவும். ஒரு டம்ளரில் கற்கண்டையும் மற்றொன்றில் அதே எடையுள்ள பொடித்த சர்க்கரையையும் போட்டுப் பாருங்கள். எது முதலில் கரையும் என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்துத் துகள் எவ்வளவு நுண்ணியது, வில்லை எவ்வளவு இறுக்கமாக அழுத்தப்பட்டது என்பதெல்லாம் கணக்கில் வரும்.

இதை உலகம் நன்கு உணர்ந்தது 1971-இல். நியூயார்க்கில் ஜான் லிண்டன்பாம் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், முன்னே நாம் கூறிய டைகாக்சின் மாத்திரைகளை ஆராய்ந்தனர். சம அளவு மருந்து கொடுத்தும், ஒரு தயாரிப்புக்கும் மற்றொன்றுக்கும் இரத்தத்தில் எட்டிய உச்ச அளவில் ஏழு மடங்கு வரை வேறுபாடு இருந்தது. ஒரே நிறுவனத்தின் இரு தொகுதிகள்கூட ஒத்திருக்கவில்லை. டைகாக்சினோ குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி உள்ள மருந்து. குறைந்தால் இதயம் தளரும். கூடினால் துடிப்பே தாறுமாறாகும். கடையில் வேறு பெயருள்ள மாத்திரையை மாற்றி வாங்குவதில் ஓர் உயிர் ஊசலாடக்கூடும் என்பது அன்று தெரிந்தது.

இப்போது இதற்கு இரு சோதனைகள் உள்ளன. முதலாவது கண்ணாடிக் கலத்தில். உடலின் வெப்பமான 37 டிகிரியில் திரவத்தை வைத்து, மாத்திரையை இட்டுச் சீராகக் கலக்கி, குறித்த நிமிடங்களில் எவ்வளவு கரைந்தது என்று அளப்பார்கள். அமெரிக்க மருந்துத் தர நூலில் 1970-இல் இடம்பெற்ற இச்சோதனை இன்று இந்திய நூலிலும் உண்டு. இரண்டாவது மனிதரிடம். நலமுள்ள தொண்டர்கள் ஒரு முறை ஒரு தயாரிப்பையும், சில நாள் இடைவெளிக்குப்பின் மற்றொன்றையும் உட்கொள்வர். மணிக்கணக்கில் இரத்தம் எடுத்து வரைபடம் போட்டால் மலை போன்று ஒரு கோடு ஏறி இறங்கும். மலையின் உச்சியும் அதன் அடியிலுள்ள பரப்பும் இரு தயாரிப்புகளுக்கும் ஒத்திருக்க வேண்டும். கணக்குப் பாடத்தில் பரப்பளவு காண்பது எதற்கு என்று முணுமுணுக்கும் தோழியர் இதைக் கவனிக்கவும்!

உருவத்தை வேண்டுமென்றே மாற்றி நன்மை பெறுவதும் உண்டு. நைட்ரோகிளிசரின் பாறையைப் பிளக்கும் டைனமைட்டில் சேரும் பொருள். நெஞ்சு வலிக்கு அதுவே மருந்து. விழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நாக்கின் அடியில் வைத்தாலோ அங்குள்ள இரத்தக் குழாய்கள் வழியே கல்லீரலைச் சுற்றிக்கொண்டு சில நிமிடங்களில் வலியைத் தணிக்கிறது. ஒமிப்ரசோல் இரைப்பையின் அமிலத்தில் அழிந்துபோகும். ஆதலால் அமிலத்தில் கரையாத, குடலில் மட்டும் கரையும் பூச்சுப் பூசிக் கொடுக்கிறார்கள். இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துப்போகும். எனவே அது ஊசி வழியே செல்கிறது.

நாள் முழுவதும் சிறிது சிறிதாக மருந்தை விடும் மாத்திரைகளும் இருக்கின்றன. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். போன்ற எழுத்துகளைக் காணலாம். தாத்தாவுக்கு விழுங்க முடியவில்லை என்று இவற்றை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. இரத்த அழுத்தத்துக்கான நிபெடிபின் மாத்திரை இவ்வகையாக இருந்து, அதைப் பொடித்துக் கொடுத்தால், ஒரு நாளைய மருந்து முழுவதும் ஒரேயடியாக உள்ளே சென்று அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடலாம். விழுங்க இயலாதவருக்குத் திரவ மருந்தோ வேறு மாத்திரையோ கிடைக்குமா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்பதே முறை.

சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின் எக்ஸ்.ஆர். வகைகள் சிலவற்றில், மாத்திரையின் கூடு அப்படியே மலத்தில் வெளிவருவதுண்டு. அதைக் கண்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று அஞ்சி இன்னொன்றை விழுங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். வெளிவந்தது வெறும் கூடுதான்; மருந்து ஏற்கெனவே உடலில் சேர்ந்துவிட்டது.