பழைய பிக்கப்புக்கு டீசல் எஞ்சின் போட்டாச்சு, பிரேக்?

ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் இருந்து கொத்தகூடா மேம்பாலம் ஏறி, கச்சிபௌலி தாண்டினால் அவுட்டர் ரிங் ரோடு. 158 கி.மீ. நீளம். 2023-ல் இருந்து அதன் வேகமான லேன்களில் மணிக்கு 120 கி.மீ. வரை போகலாம். ஐடி வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் பழைய மகிந்திரா ஜீப்பையோ எப்.சி. வகை பிக்கப்பையோ மீட்டெடுக்கும் ஒருவருக்கு இந்தச் சாலை பெரிய ஆசை.

அந்த வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சினோடு பிறந்தவை. மைலேஜுக்காக டீசல் எஞ்சின் மாற்றுவது நம்ம ஊர்ப் பழக்கம். சென்னை புதுப்பேட்டையில் கேட்டால் எஞ்சின், கியர்பாக்ஸ், மவுன்ட் எல்லாம் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பிரேக்கைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும், சில நேரம் வருவதே இல்லை. ஆனால் எஞ்சின் மாற்றிய நாளிலேயே பிரேக்கின் கணக்கும் மாறிவிடுகிறது.

எவ்வளவு மாறுகிறது?

ஓடும் வண்டியை நிறுத்துவது என்றால் அதன் இயக்க ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றுவது. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 1,500 கிலோ வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் அதை நிறுத்தும்போது வரும் வெப்பத்தில் சுமார் முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். 120-ல் நிறுத்தினால் கிட்டத்தட்ட மூன்று லிட்டர். அதுவும் சில நொடிகளில், நான்கு சக்கரங்களுக்குள்.

ஆரம்பகால வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 9 அங்குல டிரம். அந்தக் காலத்துச் சாலைக்கும் வேகத்துக்கும் அது போதும். டீசல் எஞ்சின் வந்ததும் முன்பக்க எடை கூடுகிறது, கியர் விகிதத்தையும் மாற்றினால் வேகமும் கூடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், த்ராட்டில் மூடிக்கொண்டு எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். த்ராட்டில் இல்லாத டீசலில் இந்தப் பிடிப்பு குறைவு. லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைப்பது இதனால்தான்.

'வேக்கம்' எங்கிருந்து வருகிறது?

இந்த மாதிரி புராஜெக்ட்டில் பலரும் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

இன்றைய காரில் பெடலை லேசாக அழுத்தினாலே பிரேக் பிடிப்பதற்குக் காரணம், பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் வேக்கம் பூஸ்டர். உள்ளே ஒரு டயாஃப்ரம் இருக்கும். அதன் ஒரு பக்கம் வெற்றிடம். பெடலை மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து தள்ளும். 9 அங்குல டயாஃப்ரமின் பரப்பு சுமார் 410 சதுர செ.மீ. சதுர செ.மீட்டருக்கு 0.7 கிலோ அழுத்த வேறுபாடு இருந்தால், கிடைக்கும் கூடுதல் தள்ளுவிசை சுமார் 290 கிலோ. நம் கால் தனியாகக் கொடுக்கவே முடியாத விசை இது.

பெட்ரோல் எஞ்சினில் இந்த வெற்றிடம் இலவசம். த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் தானாக உருவாகும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் காற்று தடையில்லாமல் உள்ளே போகிறது. அதனால் மேனிஃபோல்டில் வெற்றிடம் இல்லை. பூஸ்டரை மாட்டி, குழாயை டீசல் மேனிஃபோல்டில் செருகினால் அது அலங்காரப் பொருள்தான்.

தீர்வு வேக்கம் பம்ப். நம்ம ஊர் டீசல் ஜீப், எஸ்யூவி பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கமே இருக்கும். பழைய பொருளாக வாங்கி மாட்டும்போது அதற்கு எஞ்சின் ஆயில் போகும் லைனையும் திரும்பி வரும் லைனையும் கட்டாயம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் சீக்கிரமே ஜாம் ஆகிவிடும். ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தால் சார்ஜோடு வேக்கமும் போய்விடும். அதன்பின் பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஓரிரு முறை மிதிக்க மட்டுமே போதும். எனவே பெல்ட்டை 'சத்தம் வந்தா பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட முடியாது.

வேக்கம் வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் கல் மாதிரி இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டர், பம்ப், செக் வால்வு, குழாய் இவற்றில் ஏதோ ஒன்று சரியில்லை.

டிஸ்க் மாட்டினால் போதுமா?

முன்பக்கம் டிஸ்க் நல்ல முடிவு. வெப்பத்தைச் சீக்கிரம் வெளியேற்றும், தண்ணீரில் இறங்கி ஏறினாலும் உடனே பிடிக்கும். ஆனால் டிரம்மில் சக்கரம் சுற்றும் திசையே ஷூவை இன்னும் இறுக்கிக் கொடுக்கும், டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. அதற்கு ஆயில் அழுத்தம் அதிகம் தேவை. பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் போட்டவர்கள் "முன்னாடி இருந்ததே பரவாயில்ல" என்று புலம்புவது இதனால்தான்.

பழைய மாஸ்டர் சிலிண்டரையும் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. டிரம்முக்கான சிலிண்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அது டிஸ்க் லைனில் இருந்தால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய காரணம், பழைய ஜீப் வகைகளில் இருப்பது ஒற்றைச் சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் கொடுக்கும் டேண்டம் மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுங்கள். பட்ஜெட்டில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் என்றால், டிஸ்க்குக்கு முன்னால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

பிக்கப்புக்கே உரிய பிரச்சினை பின்பக்கம். சரக்கு இல்லாதபோது பின்சக்கரத்தின் மேல் எடையே இருக்காது. சடன் பிரேக் அடித்தால் அது முதலில் லாக் ஆகி வால் பக்கம் சுழற்றிவிடும். இந்த வண்டிகளில் ஏபிஎஸ்ஸும் கிடையாது. நிறுவனங்கள் பிக்கப்பில் சுமைக்கு ஏற்ப பின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வை வைப்பது இதற்குத்தான். அதைப் பொருத்திய பிறகு, காலி மைதானத்தில் சுமையில்லாமலும் சுமையோடும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்ரீசைலம் மலைச்சாலையிலோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ இறங்கும்போது இரண்டு விதமாகப் பிரேக் கைவிடலாம். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போனால் பிரேக் ஆயிலே கொதித்துவிட்டது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஈரம் உறிஞ்சிய பின் 140 டிகிரிதான். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. எதைப் போட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பழைய ஷூவைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், மாஸ்க் போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் பிரேக் வகை என்று ஒரு கட்டமே இல்லை. எஞ்சின் எண்ணும் எரிபொருளும் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, நிறுவனம் கொடுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆக, வண்டி வாங்கும்போதே யாரோ மாற்றிய டீசல் எஞ்சின் உள்ளே இருந்தால், பிரேக் செலவைத் தொடங்கும் முன் ஆர்.சி.யில் 'டீசல்' என்று இருக்கிறதா, எஞ்சின் எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் போக வேண்டியது கொண்டாப்பூர் ஆர்டிஏ அலுவலகத்துக்கு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கேள்வி கேட்கத் தொடங்குவதும் இந்த ஆவணத்தில் இருந்துதான்.