லைப்ரரி எங்கே? லிங்கரையே கேளுங்க!

ப்ராஜெக்ட் ஒரு எர்ரர்கூட இல்லாம கம்பைல் ஆகுது. ரன் பண்ணினா மட்டும் "ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறக்க முடியவில்லை" என்று நின்றுவிடுகிறதா? ஜிசிசிக்கு நீங்க -எல் போட்டுக் கொடுத்த ஃபோல்டர் லிங்க் செய்யும் நேரத்துக்கு மட்டும்தான். ரன் ஆகும்போது லைப்ரரியைத் தேடுவது டைனமிக் லிங்கர். அதுக்கு அந்த ஃபோல்டர் தெரியாது.

ஊகிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. லினக்ஸ் டெர்மினலில் புரோகிராம் பெயருக்கு முன்னால் 'எல்டி_டீபக்=லிப்ஸ்' சேர்த்து ஓட்டுங்க. வேரியபிள் பெயர் பெரிய எழுத்தில், மதிப்பு சின்ன எழுத்தில் இருக்கணும். லிங்கர் எங்கெங்கே தேடியது என்று வரி வரியாகச் சொல்லிவிடும். வழக்கமான வரிசை: எல்டி_லைப்ரரி_பாத், புரோகிராமுக்குள் பதிந்திருக்கும் ரன்பாத், எல்டிகான்ஃபிக் உருவாக்கிய கேஷ், கடைசியில் சிஸ்டத்தின் லிப் ஃபோல்டர்கள். பொருந்துவது முதலில் எங்கே கிடைக்குதோ, அதையே எடுத்துக்கும். பழைய வெர்ஷன் லோடு ஆவது பெரும்பாலும் இதனால்தான்.

உங்க ஃபோல்டர் அந்த வரிகளில் இல்லைன்னா, எல்டி_லைப்ரரி_பாத்தில் சேர்த்துச் சோதிச்சுப் பாருங்க. ஆனா அதை பாஷ்ஆர்சியில் எக்ஸ்போர்ட் பண்ணி வைக்காதீங்க. அந்த ஷெல்லில் தொடங்கும் மற்ற புரோகிராம்களும் அங்கேயே தேடும். சம்பந்தமில்லாத ஏதாவது உடையலாம்.

ரிவ்யூ அன்று வேறொரு மெஷினிலும் ஓடணுமா? லிங்க் செய்யும்போதே ரன்பாத்தில் '$ஆரிஜின்' கொடுங்க. புரோகிராம் இருக்கும் ஃபோல்டரையே அது குறிக்கும். லைப்ரரியையும் பக்கத்திலேயே வைச்சுக் கொண்டுபோனா போதும்.