சில நூறு ரூபாய் நெருப்பு: டாக்குரியாவில் தகனச் செலவின் கணக்கு

தென் கொல்கத்தாவின் டாக்குரியாவில் ஒரு மரணம் நேர்ந்தால், உடல் பெரும்பாலும் கேவ்ராதலா சுடுகாட்டுக்குத்தான் போகும். ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றிக்கொண்டு மேற்கே மூன்று நான்கு கிலோமீட்டர் போனால், காளிகாட் கோயிலுக்கு அருகில், ஆதி கங்கையின் கரையில் அது இருக்கிறது. கொல்கத்தா மாநகராட்சி நடத்தும் இந்தச் சுடுகாட்டில் மின் உலையில் எரிப்பதற்கான கட்டணம் சில நூறு ரூபாய் அளவில்தான். ஆனால் காரியம் எல்லாம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது பல ஆயிரம் செலவாகியிருக்கும். சில வீடுகளில் தொகை லட்சத்தைத் தொடும். எரிப்பதற்கு ஆகும் பணம் இதில் சிறு பங்கு. அதற்கு முன்னும் பின்னும் ஆகும் பணமே பெரும் பங்கு. குறைந்த செலவில் தகனம் செய்ய வழி தேடுபவர்கள் முதலில் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுடுகாட்டைத் தேர்ந்தெடுப்பது

மேற்கத்திய நாடுகளில் தகனம் செய்து தரும் தனியார் நிறுவனங்கள் பல உண்டு. எது மலிவு என்று விசாரித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கொல்கத்தாவில் அந்த வேலை இல்லை. நகரின் முக்கியமான சுடுகாடுகள் மாநகராட்சியின் கையில் இருக்கின்றன. வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் நிம்தலாவும் காசி மித்ரா கட்டமும் உள்ளன. தெற்கே கேவ்ராதலாவைத் தவிர, டாலிகஞ்ச் பக்கம் சிரிட்டி சுடுகாடும் கரியா பக்கம் ஒரு சுடுகாடும் டாக்குரியாவாசிகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மாநகராட்சியின் கட்டணம் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்றுதான். 1925-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் எரியூட்டப்பட்டதும் 1992-இல் சத்யஜித் ராய் எரியூட்டப்பட்டதும் இதே கேவ்ராதலாவில்தான்.

ஆகவே சுடுகாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எரியூட்டும் கட்டணத்தைவிடத் தூரத்தையும் காத்திருப்பையுமே பார்க்க வேண்டும். கேவ்ராதலாவில் கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில், அல்லது பராமரிப்புக்காக ஓர் உலை நிறுத்தப்பட்டிருக்கும் நாளில், பல மணி நேரம் வரிசையில் நிற்க நேரும். வண்டிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்பவராக இருந்தால் அதுவும் செலவில் சேரும். கிளம்புவதற்கு முன்பே ஒருவரை அனுப்பியோ போன் செய்தோ எத்தனை உடல்கள் வரிசையில் இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டால், தேவைப்பட்டால் சிரிட்டிக்கோ கரியாவுக்கோ திரும்பிவிடலாம்.

மின்சாரமா, விறகா?

விறகுச் சிதைக்கு வழக்கமாக 400 முதல் 500 கிலோ மரம் வேண்டும். முழுவதும் எரிந்து முடிய ஐந்தாறு மணி நேரம் ஆகும். விறகை எடை போட்டுத்தான் விற்பார்கள். மழைக்காலத்தில் ஈர விறகு வந்தால் நெய்யும் நேரமும் கூடுதலாகச் செலவாகும். மின் உலை என்பது உட்புறம் தீச்செங்கல் பதித்து, சுவர்களில் வெப்பச் சுருள்கள் பொருத்திய அறை. தண்டவாளம் போன்ற ஒரு தள்ளுமேடையில் உடலை வைத்து உள்ளே செலுத்திவிட்டால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். காலையில் உலை சூடேறும் முன் வரும் முதல் உடலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்களின் உடலானால், அதை முன்கூட்டியே மருத்துவமனையில் அகற்றிவிட வேண்டும். உலையின் வெப்பத்தில் அதன் பேட்டரி வெடிக்கக்கூடும்.

1980-களின் நடுவில் தொடங்கிய கங்கைச் செயல்திட்டம், ஆறு மாசுபடுவதைக் குறைக்க கங்கைக் கரை நகரங்கள் பலவற்றில் மின் தகன மேடைகளைக் கட்டியது. சில மாநிலங்களில் மக்கள் அவற்றை அதிகம் நாடவில்லை. வங்காளத்தில் அவை எளிதாகவே ஏற்கப்பட்டன. வாய்க்கரிசி, கொள்ளி வைப்பது போன்ற சடங்குகளை உலை வாசலிலேயே செய்துவிடுவது கொல்கத்தாவில் இப்போது வழக்கமாகிவிட்டது. சணல் தண்டுக் குச்சிகளைக் கொளுத்தி உடலைச் சுற்றி வந்து வாயருகே காட்டுவதுதான் அங்கே ‘முகாக்னி’. எரிந்து முடிந்ததும், எஞ்சிய ஒரு துண்டைத் தொப்புள் என்று சொல்லி, கங்கை மண் வைத்த மண்சட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். அதைப் படித்துறையில் கரைத்துவிட்டு வீடு திரும்புவார்கள். அஸ்தி கரைக்கக் காசிக்கோ ராமேசுவரத்துக்கோ தனியாகப் பயணம் போகும் செலவு இங்கே பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

பணம் போகும் முதல் வழி: மருத்துவமனை

மருத்துவமனையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு முதல் சிக்கல் பாக்கிப் பில். மேற்கு வங்கம் 2017-இல் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவந்தது. பணம் கட்டவில்லை என்பதற்காக உடலைத் தராமல் பிடித்து வைக்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் முக்கியமான ஏற்பாடுகளில் ஒன்று. புகார்களை விசாரிக்கத் தனி ஆணையமும் உண்டு. பாக்கி தள்ளுபடி ஆகிவிடாது. ஆனால் அதை வசூலிக்க உடலைப் பிணையாக வைக்க முடியாது.

காகித வேலைக்குப் பெரிய செலவில்லை. மருத்துவமனை மரணத்துக்கு மரணக் காரணச் சான்றிதழை மருத்துவமனையே இலவசமாகத் தர வேண்டும். வீட்டில் இயற்கையாக இறந்தவருக்கு, கடைசியாகச் சிகிச்சை தந்த மருத்துவர் சான்றிதழ் எழுத வேண்டும். அந்த மருத்துவர் யார், இரவு நேரத்தில் வருவாரா என்பது முன்பே தெரிந்திருந்தால் கடைசி நேர அலைச்சல் மிச்சமாகும். விபத்து, தற்கொலை, சந்தேகத்துக்குரிய மரணம் என்றால் போலீஸ் மூலம் பிரேதப் பரிசோதனை நடக்கும். தென் கொல்கத்தாவில் பெரும்பாலும் மோமின்பூர் காட்டாபுகுர் பிணவறையில். அரசு செய்யும் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. அங்கே இடைத்தரகர் யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதும் இல்லை. மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்தால் பதிவுக் கட்டணமும் கிடையாது. சுடுகாட்டில் தரும் தகனச் சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வங்கி, இன்சூரன்ஸ், ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால் கூடுதல் பிரதிகளை அப்போதே வாங்கிவிடுவது நல்லது.

வண்டி

பேரம் அதிகம் நடப்பது சவ வண்டியில்தான். மருத்துவமனை வாசலில் நிற்கும் வண்டிக்காரர் கேட்கும் தொகைக்கும் நகரில் வேறு இடத்தில் கிடைக்கும் தொகைக்கும் பெரிய இடைவெளி இருக்கும். மாநகராட்சிக்குச் சொந்தமான சவ வண்டிகள் உண்டு. வார்டு கவுன்சிலர் அலுவலகங்களும் பாடா கிளப்புகள் எனப்படும் தெரு மன்றங்களும் பல இடங்களில் வண்டி வைத்திருக்கின்றன. இந்து சத்கார் சமிதி போன்ற பழைய அமைப்புகளும் இருக்கின்றன. 1943 பஞ்சத்தின்போது கொல்கத்தாத் தெருக்களில் விழுந்து கிடந்த உடல்களை எடுத்துத் தகனம் செய்தவர்கள் இந்தச் சமிதியினர். முஸ்லிம்களின் உடல்களை அஞ்சுமன் முஃபிதுல் இஸ்லாம் அமைப்பினர் அடக்கம் செய்தார்கள்.

வண்டி பேசும்போது ஒரே தொகையாகப் பேசிவிட வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து சுடுகாடு, காத்திருப்பு, ஏசி, தூக்கும் ஆட்கள் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, எல்லாம் அதில் அடக்கமா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. தகன சேவைக்கும் உடலை எடுத்துச் செல்லும் சேவைக்கும் ஜிஎஸ்டி கிடையாது. அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே அவற்றை வரி வளையத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. 2022-இல் 18 சதவீதம் ஆனது சுடுகாடு கட்டும் ஒப்பந்தப் பணிகளுக்கான வரிதான். எனவே வண்டி பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால் தயங்காமல் கேள்வி கேட்கலாம்.

காத்திருக்க வைப்பது

தமிழ்நாட்டில் உடலை வீட்டிலேயே ஐஸ் பெட்டியில் வைத்து, வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை காத்திருப்பார்கள். கொல்கத்தாவில் மல்லிக் பஜார் பக்கம் பீஸ் ஹேவன், தோப்சியாவில் பீஸ் வேர்ல்ட் போன்ற குளிர் பிணவறைகளுக்குக் கொண்டுபோவது வழக்கம். இங்கே நாள் கணக்கில் வாடகை ஏறும். வண்டிச் செலவும் இரட்டிப்பாகும். காத்திருக்கத்தான் வேண்டுமா, எத்தனை நாள் என்பதை முதல் மணி நேரத்திலேயே முடிவு செய்வது செலவைக் கட்டுக்குள் வைக்கும்.

ஏரிப் பகுதியிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் சில, உடலைச் சொந்த ஊருக்கே கொண்டுபோக நினைப்பதுண்டு. விமானத்தில் கொண்டுபோக உடலைப் பதப்படுத்தி அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். போலீஸ் தடையில்லாச் சான்று, பெட்டி, சரக்குக் கட்டணம், சென்னை விமான நிலையத்திலிருந்து ஊர் வரை இன்னொரு வண்டி எல்லாம் சேரும். கேவ்ராதலாவில் எரித்துவிட்டு அஸ்தியை மட்டும் ஊருக்கு எடுத்துப்போவது இதில் மிகச் சிறிய பங்குச் செலவில் முடியும்.

பூவும் கட்டிலும் விருந்தும்

வங்காளிகள் உடலை மூங்கில் கட்டிலில் கிடத்தி, மெத்தை விரித்து, சம்பங்கிச் சரங்களால் மூடி எடுத்துச் செல்வார்கள். இந்தக் கட்டிலை அவர்கள் ‘காட்’ என்பார்கள். நம் பாடையின் வேலையைச் செய்வது அது. விலை அலங்காரத்தைப் பொறுத்தது. ஆனால் மின் உலைக்குள் கட்டிலும் போவதில்லை, மெத்தையும் போவதில்லை. வாசலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மூங்கில் பட்டை மேல் ஒற்றைத் துணியோடுதான் உடல் உள்ளே செல்கிறது. இது தெரிந்த குடும்பங்கள் எளிய கட்டிலோடு நிறுத்திக்கொள்கின்றன.

நெய், எள், சந்தனம், புது வேட்டி, மண்சட்டி எல்லாம் ‘தசகர்மா பண்டார்’ என்ற பெயர்ப்பலகை தொங்கும் கடைகளில் ஒரே கட்டாகக் கிடைக்கும். சுடுகாட்டு வாசலில் வாங்குவதைவிட வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்குவது பெரும்பாலும் மலிவு. புரோகிதர் தட்சிணை, உலையில் வேலை செய்பவர்களுக்கு மனமுவந்து கொடுப்பது ஆகியவற்றுக்கு ரசீது இருக்காது. மாநகராட்சிக் கட்டணத்துக்கு மட்டும் ரசீது உண்டு. ரசீது இல்லாத எதுவும் கட்டாயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு பின்னால் வருகிறது. சாதி வழக்கத்துக்கு ஏற்பப் பதினோராம் நாளோ பதின்மூன்றாம் நாளோ அதற்குப் பின்னரோ நடக்கும் சிராத்தம், அதையடுத்து மீன் சமைத்து உறவினரை அழைக்கும் ‘நியமபங்கா’ விருந்து, தமிழ் வீடுகளில் கருமாதிச் சாப்பாடு. கேட்டரிங், பந்தல், தானப் பொருள் எல்லாம் தலைக்கணக்கில் ஏறும். கடன் வாங்க நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்தச் செலவைத் தீர்மானிப்பது அழைக்கப்படுவோர் எண்ணிக்கை. அது முழுக்கக் குடும்பத்தின் கையில் இருக்கிறது.

கிடைக்கும் உதவிகள்

மேற்கு வங்க அரசு 2016-இல் ‘சமவ்யதி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஏழைக் குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் இறுதிச் சடங்குக்கு 2,000 ரூபாய் கிடைக்கும். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி வழியாக இது வழங்கப்படுகிறது. டாக்குரியாவில் இருப்பவர்கள் வார்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். இறந்தவர் ஈஎஸ்ஐ காப்பீடு பெற்ற தொழிலாளி என்றால், இறுதிச் சடங்குச் செலவாக 15,000 ரூபாய் வரை அந்தக் கழகம் தருகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில் சம்பாதித்துக் காப்பாற்றியவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால், தேசிய குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய் கிடைக்கும். இவை எதுவும் அன்றைக்கே கைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆவணங்களைச் சேர்த்து வைத்தால் பின்னால் செலவை ஈடுகட்ட உதவும்.

எரிக்காமல் உடல் தானம் செய்வதும் வங்காளத்தில் வேரூன்றிய வழி. 2010 ஜனவரியில் இறந்த முன்னாள் முதல்வர் ஜோதி பாசுவின் உடலும், 2024 ஆகஸ்டில் இறந்த மற்றொரு முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் உடலும் மருத்துவக் கல்லூரிகளுக்கே கொடுக்கப்பட்டன. முன்கூட்டியே உறுதிப் பத்திரம் எழுதியிருந்தாலும், கடைசியில் குடும்பம் சம்மதித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் தானம் நிறைவேறும். அதனால் வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மற்ற ஊர்களில்

சென்னை மாநகராட்சியின் மயானங்களில் எரியூட்டக் கட்டணமே இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலிருந்து உடலைக் கொண்டுபோக, 155377 என்ற எண்ணில் அழைத்தால் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும். சிங்கப்பூரில் மண்டாய் அரசு தகனச் சாலையில் பெரியவர் ஒருவருக்கு 100 வெள்ளி. சவப்பெட்டி, பந்தல், வண்டி தரும் தனியார் நிறுவனங்களின் பில்தான் அங்கேயும் பல ஆயிரம். அமெரிக்காவில் உடலைப் பார்வைக்கு வைத்துத் தகனம் செய்யும் சடங்கின் இடைநிலைச் செலவு 2023-இல் 6,280 டாலர் என்று அந்நாட்டு இறுதிச் சடங்கு இயக்குநர் சங்கம் கணக்கிட்டது. போனில் கேட்டாலும் விலையைத் தனித்தனியே சொல்ல வேண்டும் என்ற விதி அங்கே 1984 முதல் இருக்கிறது. கொல்கத்தாவில் அப்படி ஒரு விதி இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேட்கும் பொறுப்பு குடும்பத்தின் மேல்தான் விழுகிறது.

துக்கத்தில் இருப்பவரால் பேரம் பேச முடியாது. பக்கத்து வீட்டுக்காரரோ தூரத்து உறவினரோ ஒருவர் பணப்பொறுப்பை ஏற்று, வண்டி, பொருள், புரோகிதர், சுடுகாட்டுக் கட்டணம் என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு இடத்தில் விலை கேட்பது நல்ல ஏற்பாடு. மொத்தமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம் என்று வருபவரிடமும் இதே நான்கு வரிக்குத் தனித்தனித் தொகை எழுதி வாங்க வேண்டும். மாநகராட்சிக் கட்டணத்தை மட்டும் தரகர் கையில் கொடுக்காமல், குடும்பத்தினரே சுடுகாட்டு அலுவலகத்தில் நேரில் கட்டி ரசீது பெற வேண்டும்.