பிரிக்பீல்ட்ஸ் ஆசிரமம் முதல் தாமான் ஸ்ரீ மூடா வரை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தை 1904-இல் தொடங்கியவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள். அவர்கள் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணி வேலை பார்த்த காலம் அது. குடியிருந்த வட்டாரத்திலேயே பொதுக்காரியமும் நடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தமிழ்ப்பள்ளி எழும்பியது. அங்கே ரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த ‘நூறு குவாட்டர்ஸ்’ இன்று இல்லை. ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014-இல் வந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2016-இல் ஆசிரமம் தேசியப் பாரம்பரியச் சின்னமானது.

இன்றைய தொண்டின் முகம் வேறு. 2021 டிசம்பர் 18 அன்று ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, முன்பின் தெரியாதவர்கள் படகோடு வந்தார்கள். யார் எந்த வீட்டில் சிக்கியிருக்கிறார் என்ற தகவல் கைப்பேசிகளில் பறந்தது. பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் ஆயிரக்கணக்கானோருக்குச் சமைத்தார்கள். பல இனத்தாரும் சேர்ந்து பொட்டலம் கட்டினார்கள். நம்மவருக்கு நம்மவர் என்றிருந்த தொண்டு இவ்வளவு விரிந்ததை முழு மனத்தோடு வரவேற்கிறேன்.

ஆனால் வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு ஒருநாள் உதவி எந்த மூலைக்கு? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் கிள்ளான் பக்கமும் கோலாலம்பூர் புறநகர்களுக்கும் பெயர்ந்த காலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக நின்றது. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களே தொண்டூழிய ஆசிரியர்கள். அவர்களிடம் படித்துத் தேறிப் பல்கலைக்கழகம் போனவர்கள், அடுத்த தலைமுறைக்குப் பாடம் சொல்லித்தரத் திரும்பி வந்தார்கள். எனக்கு இதில் பிடித்ததே அந்தத் திரும்பி வருதல்தான். நேற்றுவரை தோட்டத்து லயத்தில் இருந்த பிள்ளைக்கு, தன்னைப் போலவே வளர்ந்த ஓர் அண்ணனோ அக்காவோ பலகையருகில் நிற்பது பாடத்தைவிடப் பெரிய தைரியம்.

ஐ.நா. சபை 2001-ஐப் போலவே 2026-ஐயும் அனைத்துலகத் தொண்டூழியர் ஆண்டாக அறிவித்திருக்கிறது. இம்முறை நீடித்த வளர்ச்சியை இலக்காகச் சொல்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளிலும் கூட்டுப்பணிகள் நடக்கட்டும், சான்றிதழ்களும் கொடுக்கட்டும். 2027 ஜனவரியில் பள்ளி திறக்கும்போது, எத்தனை பேர் அதே அடுக்குமாடிக்கு, அதே பிள்ளைகளிடம் மறுபடி போகிறார்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.