ஏற்றலும் அவிழ்த்தலும்: கணினிக் கருநிரற் பரிசோதனை

பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புக்களையும் அதன்கண் ஓடும் செய்நிரல்களையும் ஆளும் நிரற்றொகுதியாகும். அதன் நடுநாயகமாய் விளங்குவது கரு எனப்படும் பகுதி. 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவின் மூலநிரல் யாவரும் காண வெளியிடப்படுவது. ஆதலின், அதிற் சேரும் திருத்தங்கள் பிறரால் எவ்வாறு பரிசோதிக்கப்படுகின்றன என்பதை எவரும் நேரே காணலாம். செய்நிரலை நினைவகத்தில் ஏற்றும் பகுதி, அடுக்கினை அவிழ்க்கும் பகுதி என்னும் இரண்டும் அப்பரிசோதனையின் அருமையை நன்கு புலப்படுத்துவன.

செய்நிரலொன்றை ஓட்டுமாறு ஏவியதும், கரு அக்கோப்பின் தொடக்கத்து 256 பைற்றுக்களை வாசிக்கின்றது. முதல் நான்கு பைற்றுக்கள் 7எஃப் என்னும் எண்ணும் ஈ, எல், எஃப் என்னும் எழுத்துக்களுமாயின் அஃது எல்ஃப் அமைப்பினது எனத் துணிந்து, அதன் கூறுகளை நினைவகத்தில் உரிய இடங்களில் வைக்கும். கோப்பு, பகைவன் ஆக்கியதாகவும் இருக்கலாம். ஆகவே அதிற் கண்ட எந்த அளவையும் சோதியாது நம்புதல் தகாது.

எனினும் வழு, கருவின் சொந்தக் கணக்கிலேயே நேர்ந்தமையும் உண்டு. எவ்விடத்தும் ஏற்றத்தக்கதாய் ஆக்கப்பட்ட செய்நிரலுக்கு இடம் தேடுங்கால், கரு அதன் முதற் கூறின் அளவை மட்டுமே கருத்திற் கொண்டது. வீடு கட்டுவோன் முதல் அறைக்கு வேண்டிய நிலத்தை மட்டும் அளந்து அத்திவாரமிட்டால், ஏனைய அறைகள் அயலான் வளவினுட் சென்றுவிடுமன்றோ? அவ்வாறே பிற்கூறுகள், அடுக்கின் காவலுக்கென ஒதுக்கிய வெற்றிடத்துட் புகுந்தன. 2015 ஏப்ரலில் இது திருத்தப்பட்டது. ஆனால் அஃது ஒரு பாதுகாப்புக் குறை என எவரும் அப்போது உணர்ந்திலர். அதனால் ரெட் ஹற், சென்றோஸ் ஆகியவற்றின் நீண்டகாலப் பதிப்புக்கள் சிலவற்றில் அத்திருத்தம் சேரவில்லை. சாதாரணப் பயனர் ஒருவர் இவ்வழியே முழு அதிகாரமும் பெறலாம் என்பதை 2017 செப்டம்பரில் குவாலிஸ் நிறுவன ஆய்வாளர் காட்டினர். ஒரு பிரதியில் திருத்திய பிழை பிற பிரதிகளில் அப்படியே கிடத்தல் ஏட்டுச்சுவடி பரிசோதித்தோர்க்குப் புதிதன்று. ஆயின் ஏட்டுப் பிழையைத் திருடர் பயன்படுத்துவதில்லை. இக்குறை கயவராற் பயன்படுத்தப்படுகின்றதென 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை தன் பட்டியலிற் சேர்த்தது.

இனி, அடுக்கு யாதெனின் கூறுதும். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, கலேவெலை வழியாக வஹகோட்டைக்குச் செல்வான் ஒருவன், ஒவ்வோரிடத்தும் தான் எங்கிருந்து வந்தான் என்பதைத் துண்டிற் குறித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கின்றான் என்க. வஹகோட்டையில் அவன் மயங்கி வீழ்ந்தால், துண்டுகளை மேலிருந்து எடுத்து வாசிப்போர் அவன் வந்த வழியை அறிவர். இதுவே அவிழ்த்தல். ஆனால் பற்றுச்சீட்டுக்களும் பிற காகிதங்களும் இடையிடையே கலந்திருப்பின், வழித்துண்டு எதுவென அறிதல் எளிதன்று. துண்டுகளை நூலாற் கோத்தல்போலச் சட்டகச் சுட்டியால் இணைப்பது ஒரு முறை. அதனால் வேகம் சில வேலைகளில் 5 முதல் 10 சதவீதம் வரை குறையும். டுவார்ஃப் என்னும் அட்டவணையைத் துணைக்கொள்வது மற்றொன்று. 2006 இல் இவ்வகை அவிழ்ப்பி கருவிற் சேர்க்கப்பட்டது. வழுவைக் காட்டவேண்டிய கருவி தானே வழுவியமையால் அவ்வாண்டு முடியுமுன்னரே நீக்கப்பட்டது.

2017 இல் ஜோஷ் பொய்ம்போஃப் எளிய அட்டவணையுடைய ஓர்க் என்னும் முறையை அமைத்தார், அது 4.14 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. எல்ஃபும் டுவார்ஃபும் மேலைக் கதைகளில் வரும் வனதேவரும் குள்ளரும் ஆதலின், அவர்தம் பகைவராகிய ஓர்க்கின் பெயரை விளையாட்டாக இட்டனர். அட்டவணைக்கு நினைவகம் டுவார்ஃபினும் ஏறத்தாழப் பாதி மிகுதியாகச் செலவாயினும், அவிழ்த்தல் விரைந்து நடைபெறுகின்றது.

ஓடும் கருவை நிறுத்தாமலே திருத்தும் முறையில் அவிழ்த்தலின் பொறுப்பு மிகப் பெரிது. பழைய செயற்கூறு அடுக்கில் இல்லையெனக் கண்ட பின்னரே புதியதற்கு மாறுவர். இருக்க இல்லையென அவிழ்ப்பி கூறிற்றேல், பழையதும் புதியதும் கலந்தோடிக் கணினி நிலைகுலையும். ஆகவே இந்நிரலைப் பரிசோதிப்போர், அது சரியான வழியைக் காட்டுகின்றதா என்பதோடு, வழி தெரியாதபோது தெரியவில்லை என ஒப்புக்கொள்கின்றதா என்பதையும் தேடிப் பார்க்கின்றனர்.