பெயர் சொல்லி மன்றாடுதல்

2019 மாரிகாலத்தில் ஒரு நாள், நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் எனது இடது கைச் சுட்டுவிரல் மெசினுக்குள் அகப்பட்டு நசிந்துபோனது. ஆறு கிழமை வீட்டில் இருந்தேன். செய்தி பரவியதும் ரெலிபோன் அழைப்புகள் வந்தன. "சேர், உங்களுக்காகச் செபிக்கிறம்" என்று பலர் சொன்னார்கள். (ஊரில் மெய்யியல் படிப்பித்தவன் என்பதால் சிலருக்கு நான் இன்னமும் சேர்தான். மெசினுக்கு அது தெரியாது.) நானும் "நன்றி" சொன்னேன். அந்த வசனத்தை இரு தரப்பாரும் "சுகமாய் இருக்கிறியளோ" என்பதைப் போலவே பாவித்துக்கொண்டோம்.

மன்னாரைச் சேர்ந்த ஒரு வயோதிப அம்மா மட்டும் வேறுவிதமாகக் கதைத்தார். "எந்த விரல் தம்பி? எத்தினை இழை போட்டவை? இரவிலை நித்திரை வருதோ? திரும்ப வேலைக்கு எடுப்பினமோ எண்ட பயம் இருக்கோ?" எனக்குச் சற்று எரிச்சலாக இருந்தது. "ஏனம்மா இவ்வளவும்?" என்று கேட்டேன். "தெரியாமல் என்னெண்டு ஆண்டவரிட்டைக் கேக்கிறது?" என்றார்.

இக்கட்டுரை அந்தப் பதிலிலிருந்து புறப்படுகிறது. இச்சஞ்சிகையின் வாசகர்களில் பலர் சமய நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிட்டவர்கள். நானும் பாதி அப்படித்தான். எனினும், பிறருக்காக மன்றாடுதல் என்று கிறிஸ்தவம் எதைச் சொல்கிறது, அதில் 'உண்மையாக' என்ற அடைமொழி எதைக் குறிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள ஒருவர் நம்பிக்கையாளராக இருக்கவேண்டிய அவசியமில்லை.

புரட்டஸ்தாந்தர் பரிந்துரை ஜெபம் என்பதைக் கத்தோலிக்கர் மன்றாட்டு என்பர். மன்று என்பது வழக்குத் தீர்க்கும் சபை. அதில் நின்று வாதாடுவதும் மன்றாடுதல்தான். விவிலியத்தின் பழைய உதாரணம் இந்தப் பொருளுக்குச் சரியாகப் பொருந்துகிறது. தொடக்கநூலின் 18ஆம் அதிகாரத்தில், அழிக்கப்படவிருந்த சோதோம் நகருக்காக ஆபிரகாம் கடவுளோடு பேரம் பேசுகிறார். 50 நீதிமான்கள் இருந்தாலும் நகரை அழிப்பீரோ? 45? 40? சந்தையில் மீனுக்கு விலை குறைப்பவரைப்போல 30, 20 என்று இறங்கி 10இல் வந்து நிற்கிறார். சோதோம் அவருடைய ஊரல்ல. அது நல்ல ஊருமல்ல. கடைசியில் நகரம் எரிந்தேபோனது. ஆனாலும் வேண்டுதல் பலிக்கவில்லை என்பதற்காக அந்தக் கதையை யாரும் நூலிலிருந்து நீக்கிவிடவில்லை.

ஆகவே 'பலிக்குமா' என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது பிழையான வாசல் என்பது என் கருத்து. அந்த வாசலால் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இருதய பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 1802 நோயாளரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. மன்றாடப்படலாம், மன்றாடப்படாமலும் விடலாம் என்று சொல்லப்பட்டவர்களில், மன்றாடப்பட்டோரில் 52 வீதத்தினருக்கும் மன்றாடப்படாதோரில் 51 வீதத்தினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. வித்தியாசமில்லை. தமக்காக நிச்சயம் மன்றாடுகிறார்கள் என்று அறிந்திருந்த குழுவில் அது 59 வீதம்! நாத்திக நண்பர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. என்னை நிறுத்தியது வேறொரு விபரம். மன்றாடியவர்களுக்கு நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டுமே கொடுக்கப்பட்டன. முகமில்லை, ஊரில்லை, எந்தப் பயத்தோடு படுத்திருக்கிறார் என்பதில்லை. இது மருந்துப் பரிசோதனை முறைக்குப் பொருத்தமானது. மன்னார் அம்மாவின் அளவுகோலில் மன்றாட்டே அல்ல.

அப்படியாயின் உண்மையான மன்றாட்டு எப்படியிருக்கும்? நான் வாழும் இந்த ஜேர்மனியிலேயே ஓர் உதாரணம் உண்டு. பேர்ளின் புனித ஹெட்விக் பேராலயத்தின் முதல்வராக இருந்தவர் பேர்ண்ஹார்ட் லிக்ரன்பேர்க். 1938 நவம்பர் 9ஆம் திகதி இரவு நாடெங்கும் யூதரின் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. அதன்பின் அவர் மாலை வழிபாட்டில், எல்லோரும் கேட்க, யூதர்களுக்காகவும் வதைமுகாம்களில் இருந்தவர்களுக்காகவும் மன்றாடத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்று வருடங்கள் இது நடந்தது. 1941 ஓகஸ்டில் கோவிலுக்கு வந்திருந்த இரு மாணவிகள் இதைக் கேட்டுவிட்டுக் காட்டிக்கொடுத்தார்கள். பேர்ளின் யூதர்களை ரயிலேற்றத் தொடங்கிய அதே ஒக்ரோபரில், 23ஆம் திகதி, கைது செய்யப்பட்டார். விசாரணையில் அவர் பின்வாங்கவில்லை. லொட்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்படும் யூதர்களோடு தானும் போக விரும்புவதாகச் சொன்னார். இரண்டு வருடச் சிறை முடிந்தபின்னும் விடுவிக்கப்படாமல், தாஹவ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் 1943 நவம்பர் 5ஆம் திகதி ஹோவ் என்ற நகரில் இறந்தார்.

அவர் 'துன்புறும் அனைவருக்காகவும்' என்று மன்றாடியிருந்தால் அந்த மாணவிகள் என்ன செய்திருப்பார்கள்? எதுவுமில்லை. 'ஆமென்' சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவரைச் சிறைக்கு அனுப்பியது ஒரு பெயர். யாக்கோபின் திருமுகம், உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவரைச் 'சமாதானமாய்ப் போங்கள்' என்று வாயால் மட்டும் வாழ்த்தி அனுப்புவதால் என்ன பயன் என்று கேட்கிறது. லிக்ரன்பேர்க்கின் மன்றாட்டில் வாயும் உடலும் ஒரே பக்கத்தில் நின்றன.

இதே பேர்ளினில் இன்னொரு மன்றாட்டும் நடந்தது. 1937 யூலை 1ஆம் திகதி மார்ட்டின் நீமொல்லர் என்ற புரட்டஸ்தாந்துப் போதகர் கைதானபின், டாலெம் பகுதிக் கோவிலில் நாள்தோறும் கூடி, சிறையிலிருந்த போதகர்களின் பெயர்களை வாசித்து மன்றாடினார்கள். அந்தக் காலத்தில் அதுவும் சிறிய துணிவல்ல. ஆனால் அந்தப் பட்டியல் முதன்மையாகத் தம் திருச்சபையினருக்கானது. யூதருக்காகப் பேசாதிருந்ததைப் போருக்குப்பின் நீமொல்லரே தன் குற்றமாகச் சொன்னார்.

எம்முடைய பட்டியல் எப்படியிருந்தது? 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணிநேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். அப்போது எனக்கு இருபது வயது. அடுத்த ஞாயிறு, நவம்பர் 4, பூசைக்குப் போயிருந்தேன். ஷெல்லடியில் இறந்தோருக்காகவும் இடம்பெயர்ந்த எமது மக்களுக்காகவும் மன்றாடினோம். ஐந்து நாட்களுக்கு முன்னர் அதே வீதிகளால் நடந்து போனவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. பயம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் மனதுக்குள் சொல்வதை யார் தடுத்தார்கள்? நான் மனதுக்குள்ளும் சொல்லவில்லை. எனக்குச் சைக்கிள் திருத்தித் தந்தவர் அந்த வரிசையில் போயிருப்பார் என்பதே பல மாதங்களின் பின்னர்தான் எனக்கு உறைத்தது.

கடந்த வருடம் ஒக்ரோபரில் இங்குள்ள தமிழ்ப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டை எழுதும் முறை எனக்கு வந்தது. (வழக்கிழந்திருந்த இம்மன்றாட்டைக் கத்தோலிக்கப் பூசையில் மீண்டும் சேர்க்கும்படி 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. எழுதுவதும் வாசிப்பதும் பெரும்பாலும் பொதுநிலையினரே.) நான்காவது மன்றாட்டாக, 1990இல் வடக்கிலிருந்து எம்மவரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்காக என்று எழுதிக் கொடுத்தேன். ஞாயிறன்று வாசித்தபோது அது 'போரினால் இடம்பெயர்ந்த அனைவருக்காகவும்' என்று மாறியிருந்தது. பொறுப்பானவரிடம் கேட்டேன். "சேர், அது அரசியல். இதுக்குள்ளை அவையும் வருவினம்தானே" என்றார். கெட்ட மனிதரல்ல. என் விரல் நசிந்த காலத்தில் மரக்கறி வாங்கி வந்து தந்தவர். அந்த 'அனைவரும்' என்ற சொல்லுக்குள்தான் 1990இல் நானும் ஒளிந்திருந்தேன். அதனால் அவரோடு சண்டை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை.

பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது மன்னார் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தன் பக்கத்து வீட்டில் இருந்த முஸ்லிம் பெண்ணுக்காக அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு இரவும் பெயர் சொல்லிச் செபிப்பதாகச் சொன்னார். அவர்கள் புத்தளப் பக்கம் போனதாகக் கேள்வியாம். பிறகு, ஏதோ கடன் பாக்கியைப்பற்றிக் கதைப்பதுபோல, கேட்டார்:

"உங்களுக்குப் புத்தளத்திலை ஆரையும் தெரியுமோ தம்பி? அவவுக்கு அப்பவே முழங்கால் வருத்தம். இப்ப எப்பிடி எண்டு ஒருக்கா விசாரிக்கவேணும். பழைய தகவலை வைச்சு எத்தினை காலத்துக்கு ஆண்டவரிட்டைக் கேக்கிறது?"

அங்குள்ள ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.