ஆஞ்சியோகிராமுக்குப் பின் அசையாமல் படுத்திருப்பது ஏன்?

“பரிசோதனைதான் முடிந்துவிட்டதே, எழுந்து நடந்தால் என்ன?” ஆஞ்சியோகிராம் முடிந்து அறைக்குத் திரும்பும் நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வலி இல்லை, தொடை இடுக்கில் சிறு கட்டு மட்டுமே தெரிகிறது. அந்தக் கட்டின் அடியில் நடப்பதை அறிந்தால், படுக்கை ஓய்வும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது விளங்கும்.

துளை சிறிது, விசை பெரிது

தொடைத் தமனியில் நாங்கள் செலுத்தும் குழாய் ஏறத்தாழ 2 மி.மீ. தடிமன் கொண்டது. வழக்கமாக ஊசி போடும் சிரையில் இரத்தம் மெதுவாக ஓடுவதால், சற்றே அழுத்தினால் கசிவு நின்றுவிடும். தமனியிலோ ஒவ்வொரு துடிப்பின்போதும் இரத்தம் விசையுடன் பாய்கிறது. போதாக்குறைக்கு, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்தும் பலருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும்.

குழாயை அகற்றியதும் 15 முதல் 20 நிமிடங்கள் வரை கையால் அழுத்திப் பிடிக்கிறோம். அதற்குள் துளையை அடைத்து உருவாகும் இரத்த உறைவு, புதிதாகப் பூசிய சுவரைப் போன்றது. ஈரம் காயுமுன் அசைத்தால் பெயர்ந்துவிடும். அது உறுதிப்படவே பொதுவாக 4 முதல் 6 மணி நேர ஓய்வு தேவைப்படுகிறது.

நோயாளி செய்ய வேண்டியவை

• அந்தக் காலை மடக்காமல் நேராக வைத்திருங்கள்.
• தலையைத் தூக்காதீர்கள். தூக்கினால் வயிற்றுத் தசைகள் இறுகி, துளையின்மீது அழுத்தம் கூடும்.
• இருமல், தும்மல் வந்தால் கட்டின்மேல் கையை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள்.
• சிறுநீர் கழிக்கக் கூச்சப்பட்டு எழுந்துவிடாதீர்கள். செவிலியரை அழையுங்கள், படுக்கையிலேயே உதவுவது அவர்களது அன்றாடப் பணி.

மணிக்கட்டின் வழியே பரிசோதனை செய்துகொண்டவர்கள் விரைவில் எழுந்து நடக்கலாம். ஆனால் அந்தக் கையை ஊன்றி எழக் கூடாது.

உடனிருப்போர் கவனிக்க வேண்டியவை

கட்டை மட்டும் பார்த்தால் போதாது. கசியும் இரத்தம் தொடையின் அடியில் வழிந்து விரிப்பில் தேங்கக்கூடும். போர்வையை விலக்கி அங்கும் பாருங்கள். கட்டைச் சுற்றி வீக்கம், கால் சில்லிட்டு மரத்துப்போதல் ஆகியவற்றை உடனே தெரிவியுங்கள். வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியாமல் உள்ளேயே கசிவதும் உண்டு. இடுப்பிலோ அடிவயிற்றிலோ புதிதாக வலி, வியர்வை, தலைசுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். ‘படுத்தே இருந்ததால் வந்த முதுகுவலி’ என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

வீடு திரும்பிய பின்

ஒரு வாரம் வரை கனமான பொருள்களைத் தூக்குவதையும், குந்தி அமர்வதையும், மலம் கழிக்கையில் முக்குவதையும் தவிருங்கள். இரத்தம் கசிந்தால் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, துளைக்குச் சற்று மேலே 10 நிமிடங்கள் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே கையை எடுத்துப் பார்க்க வேண்டாம். பீறிட்டு வந்தாலும், 10 நிமிடத்தில் நிற்காவிட்டாலும், அழுத்தியபடியே 108-ஐ அழையுங்கள்.

இறுதியாக ஒன்று: இரத்தக் கசிவுக்கு அஞ்சி ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கு அது திடீர் அடைப்பை ஏற்படுத்தி உயிருக்கே ஆபத்தாகலாம். ஐயம் எழுந்தால் முதலில் எங்களிடம் கேளுங்கள்.